மருந்தை மாற்றும் முன் ஸ்பேசரைப் பாருங்கள்

"பஃப் அடிச்சுக்கிட்டுதான் இருக்கோம், வீசிங் குறையவே மாட்டேங்குது. வேற மருந்து இருக்கா?" ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேறு மருந்து இருக்கிறது. ஆனால் அதைத் தேடுவதற்கு முன் இப்போது கையில் இருக்கும் மருந்து பிள்ளையின் நுரையீரல் வரை போகிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது: கொஞ்சம் தொண்டையில், கொஞ்சம் இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாயின் சுவரில், மீதி மாஸ்க்கின் இடுக்கு வழியாக அறைக்குள்.

இன்ஹேலருக்குள் இருப்பது ஒரு சின்ன அலுமினியக் குப்பி. அழுத்தத்தில் திரவமாக நிற்கும் வாயுவில் மருந்துத் தூள் கலங்கலாக மிதக்கிறது. அமுக்கினால் வால்வு ஒரு தடவைக்கு உரிய அளவை மட்டும் வெளியே விடும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் என்றால் வழக்கமாக 100 மைக்ரோகிராம், லெவோசால்பியூட்டமால் என்றால் 50. கிளம்பும் வேகம் அதிகம். வாயில் நேராக வைத்து அடித்தால் பெரும்பகுதி தொண்டையின் பின்பக்கம் மோதி ஒட்டிக்கொண்டு, பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். ஸ்பேசர் இதற்குத்தான். அந்தக் குழாய்க்குள் புகை வேகம் இழக்கிறது, வாயு ஆவியாகிறது, பெரிய துளிகள் சுவரில் படிகின்றன, நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்துளிகள் மிதந்தபடி நிற்கின்றன. பிள்ளை அமுக்கும் நொடியிலேயே இழுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெரியவர்களுக்கும் ஸ்பேசர் நல்லதே. "பெரிய பையனாயிட்டான், இனி எதுக்கு" என்று எடுத்துப் பரணில் போடுவது தேவையில்லாத வேலை.

மூன்று வயது வரை மாஸ்க் வைத்த ஸ்பேசர். நாலு, ஐந்து வயதில் வாயில் கவ்வும் முனைக்கு மாற்றிவிடலாம். மாஸ்க்கோடு தொடர்ந்தால் மருந்தில் கொஞ்சத்தை மூக்கு வடிகட்டி வைத்துக்கொள்ளும்.

செய்முறை இப்படி. பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள்; கைக்குழந்தை என்றால் மடியில் சாய்த்து, தலையை உங்கள் மார்பில் அணைத்துக்கொள்ளுங்கள். குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். தூள் கலங்கலாக இருப்பதால் குலுக்காமல் அடித்தால் ஒரு பஃப்பில் மருந்து கூடும், இன்னொன்றில் குறையும். இன்ஹேலரை ஸ்பேசரில் செருகி, மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும்படி வையுங்கள். இடுக்கு வருவது பெரும்பாலும் மூக்கின் இரு பக்கமும்தான்; அங்கே விரலால் லேசாக அழுத்துங்கள். ஒரு பஃப் மட்டும் அடித்து, ஸ்பேசர் வால்வின் மெல்லிய தகடு மூச்சுக்கு மூச்சு அசைவதைப் பார்த்து எண்ணுங்கள். பெரிய பிள்ளைக்கு ஐந்தாறு மூச்சு, கைக்குழந்தைக்குப் பத்து வரை. பிறகு எடுத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்த பஃப்.

"ரெண்டு பஃப் எழுதியிருக்கு" என்று இரண்டையும் அடுத்தடுத்து அடித்துவிட்டு மாஸ்க்கை வைப்பதுதான் பரவலாக நடக்கும் தவறு. நுண்துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் படிந்துவிடும். இரண்டு பஃப் அடித்தும் ஒரு பஃப் அளவுகூடப் போகாது. ஸ்பேசருக்குள் முதலில் அடித்துவிட்டு, பிறகு பிள்ளையைத் துரத்திப் பிடிக்கப் போவது இன்னொன்று. மிதக்கும் மருந்து சில நொடிகளில் படியத் தொடங்கிவிடும், அதனால் முதலில் மாஸ்க், பிறகு பஃப்.

அழும் குழந்தைக்கு "நல்லா ஆழமா இழுக்குது" என்று சிலர் திருப்திப்படுவார்கள். அழுகையில் மூச்சு வெளியேறுவது நீளமாகவும், உள்ளே இழுப்பது வெடுக்கென்றும் இருக்கும். வேகமாக இழுத்த மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். தூங்கும்போது கொடுக்கலாமே என்றால், முகத்தில் மாஸ்க் பட்டதும் பல குழந்தைகள் விழித்து இன்னும் பெரிதாக அழும். மருந்து இல்லாத நேரத்தில் வெறும் மாஸ்க்கைக் கையில் கொடுத்து, பொம்மைக்கு வைத்து விளையாட விடுவது மெதுவாகத்தான் பலன் தரும், ஆனால் தரும்.

சில ஸ்பேசர்கள் விசில் அடிக்கும். அந்தச் சத்தம் வரும்படி இழுக்கச் சொல்லி உற்சாகப்படுத்தும் வீடுகள் உண்டு. மூச்சு அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று எச்சரிக்கத்தான் அந்த விசில். சத்தம் வராமல் இழுப்பதே சரி. வாயில் கவ்வும் முனை உபயோகிக்கும் பிள்ளை மூக்கால் மூச்சு விடுகிறதா என்றும் பாருங்கள். தகடு அசையவில்லை என்றால் மருந்து ஸ்பேசருக்குள்ளேயேதான் கிடக்கிறது.

கழுவுவதில் ஒரு நுணுக்கம்

சாதாரண பிளாஸ்டிக் ஸ்பேசரின் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறும். தலை சீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் அது மருந்தை இழுத்துக்கொள்ளும். பெட்டியிலிருந்து பிரித்த புது ஸ்பேசரில் இது அதிகம். துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் ஸ்பேசரிலும் அதே கதைதான்.

பாகங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஊறப் போடுங்கள். எடுத்து உதறி, குழாயின் உள்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலசாமல் அப்படியே நிற்க வைத்துக் காற்றில் உலர விடுங்கள். உள்ளே ஒட்டி நிற்கும் மெல்லிய சோப்புப் படலம்தான் நிலைமின்சாரத்தைத் தடுக்கிறது. வாய் படும் முனையையும் மாஸ்க்கையும் மட்டும் அலசுங்கள். உள்ளே தேய்க்க வேண்டாம், துண்டால் துடைக்க வேண்டாம். மாதம் ஒரு முறை போதும். சளி பட்டால் உடனே. நிலைமின்சாரம் ஏறாத பொருளில் செய்தவையும் விற்கிறார்கள், அவற்றுக்கு அந்தப் பெட்டியில் உள்ள முறைப்படி கழுவினால் போதும். தகடு மடங்கி நின்றாலோ, விறைத்துப் போனாலோ, குழாயில் விரிசல் விட்டாலோ புதிதுதான் வாங்க வேண்டும்.

இன்ஹேலரின் பிளாஸ்டிக் கூட்டையும் மறக்க வேண்டாம். சால்பியூட்டமால் வரும் சின்னத் துளையில் வெள்ளையாகத் தூள் படிந்து அடைக்கும். வாரம் ஒரு முறை குப்பியை வெளியே எடுத்துவிட்டு, கூட்டை மட்டும் வெதுவெதுப்பான ஓடும் தண்ணீரில் காட்டி, முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

கையில் ஸ்பேசரே இல்லையென்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் போதும். இது பாட்டி வைத்தியம் இல்லை. கேப்டவுனில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவரும் உடன் இருந்தவர்களும் மூச்சுத் திணறலோடு வந்த பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இடைவெளி அடைத்த பாட்டில், கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. தெர்மோகோல் கப் பின்தங்கியது. அடிப்பாகம் ஓரளவு தட்டையான தண்ணீர் பாட்டிலாகப் பாருங்கள். குளிர்பான பாட்டிலின் அடி ஐந்து கால் வைத்து நடுவில் கெட்டியாக இருக்கும், துளை போடுவது சிரமம். இன்ஹேலரின் வாய்ப்பகுதி அளவுக்கு ஒரு கம்பியை வளைத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காய்ச்சி அடியில் வைத்து அழுத்தினால் அதே வடிவில் ஓட்டை விழும். அளவு கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும். கருகிய வாடை போகக் கழுவி, மேலே சொன்ன சோப்புத் தண்ணீரில் முக்கி உலர்த்தி, இன்ஹேலரைச் செருகிச் சுற்றிலும் டேப்பால் காற்றுப் போகாமல் அடையுங்கள். பிள்ளை பாட்டிலின் வாயைக் கவ்வி மூச்சை இழுத்து விட வேண்டும். வால்வு கிடையாது என்பதால் ஒவ்வொரு மூச்சும் பாட்டிலுக்குள்ளேயே போய் வரும், அதில் தவறில்லை. அந்த ஆய்வில் இருந்தது ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகள். கைக்குழந்தைக்கு மாஸ்க் உள்ள ஸ்பேசரே வேண்டும்.

காலிக் குப்பி

அமுக்கினால் புஸ் என்று சத்தம் வருகிறது, அதனால் மருந்து இருக்கிறது என்று நினைப்பார்கள். எழுதியிருக்கும் எண்ணிக்கை முடிந்த பிறகும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும், அதுதான் வெளியே வருகிறது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம்; அளவும் சரியாகத் தெரியாது, வால்வில் ஈரம் புகுந்து அடைத்தும் போகலாம். எண் காட்டும் குப்பியாக வாங்குங்கள். இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். தினமும் காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் 120 பஃப் உள்ள குப்பி 30 நாளில் முடியும், 200 பஃப் உள்ளது 50 நாளில். முடியும் தேதியை மார்க்கர் பேனாவால் குப்பியின் மேலேயே எழுதி வையுங்கள். புதுக் குப்பியையும், சில நாள் சும்மா கிடந்ததையும் முதலில் காற்றில் இரண்டு முதல் நாலு முறை அடித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும்; சரியான எண்ணிக்கை உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும்.

எது எதற்கு என்பதிலும் குழப்பம் உண்டு. சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் இரண்டும் சுருங்கிய மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்கு விரித்து விடும். சில மணி நேர வேலை, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது புடசொனைடு, புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அது தினமும் போட வேண்டியது, நல்லாயிருக்கும் நாளிலும். அடித்தவுடன் எதுவும் தெரியாது என்பதால் "இது வேலை செய்யல" என்று முதலில் நிறுத்தப்படுவதும் அதுதான். கூட்டின் நிறத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; மருந்தின் பெயரைப் படியுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் விரிக்கும் மருந்து தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாரம் ஒன்றுக்கு மேல் போனாலே மருத்துவரிடம் சொல்லுங்கள். வருஷத்துக்கு மூன்று சால்பியூட்டமால் குப்பி காலியானால் கடுமையான திணறல் வரும் ஆபத்து கூடுகிறது என்கிறது ஜினா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல். 12 வயதுக்கு மேல் சால்பியூட்டமாலை மட்டும் வைத்துக் காலம் தள்ள வேண்டாம் என்று 2019-இலேயே அது சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே பயந்து பலர் சிரப்புக்குப் போகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். ஒரு பஃப் 100. இருபது மடங்கு மருந்து ரத்தத்தின் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் ஆட்டம் போடுவதும் அதனால்தான். ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு வளர்ச்சி மீது விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நடந்த கேம்ப் என்ற ஆய்வில், சின்ன வயதில் தினம் 400 மைக்ரோகிராம் புடசொனைடு நாலைந்து வருடம் எடுத்தவர்கள் வளர்ந்த பிறகு மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளமாக இருந்தார்கள் என்று 2012-இல் வெளியானது. கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும். திரும்பத் திரும்பத் திணறல் வந்து வாய்வழி ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால் அந்த அளவு இதைவிடப் பல மடங்கு. நோயை அடக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் கேட்பதே சரியான வழி. ஸ்டீராய்டு பஃப்புக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மாஸ்க் வைத்த முகத்தைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியலாம்.

மருந்துத் திரவத்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் மெஷின் "பவரானது" என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர, ஸ்பேசரில் கொடுத்த சால்பியூட்டமால் அதற்குச் சளைத்ததல்ல. நேரமும் குறைவு, கரண்டும் வேண்டாம். நெபுலைசர்தான் வீட்டில் இருக்கிறதென்றால், பிள்ளை அழுகிறதென்று மாஸ்க்கை முகத்துக்கு முன்னால் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதை விடுங்கள். நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தாலே பெரும்பகுதி வீண். புடசொனைடு ஊற்றுவதாக இருந்தால் கம்ப்ரசர் வகைதான் சரி, அல்ட்ராசோனிக் வகை ஆகாது. ஆவி பிடிப்பதும் சேர்த்து நிற்கட்டும்: மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கு அது மருந்தில்லை, கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து நிஜம்.

படுக்கை

ஒவ்வாமையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் தலையணை. பிள்ளை எட்டு ஒன்பது மணி நேரம் முகத்தைப் புதைத்துக் கிடப்பது அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள், டஸ்ட் மைட் என்று சோதனைத் தாளில் வருமே அவைதான், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று மெத்தைக்குள் வாழ்கின்றன. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் காய்ந்து சாகும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் அது தானாக நடக்காது.

மொட்டை மாடி வெயிலில் மெத்தையைப் போடுவது நல்லது, ஆனால் அரைகுறை வேலை. ஒவ்வாமை தருவது பூச்சியின் எச்சம். பூச்சி செத்தாலும் அது பஞ்சுக்குள் இருக்கும். விரிப்பு, உறை, போர்வை இவற்றை வாரம் ஒரு முறை 60 டிகிரி தண்ணீரில் துவையுங்கள். வெந்நீர் வசதியுள்ள மெஷின் இல்லையென்றால், பாதி கொதிநீரும் பாதி குழாய்த் தண்ணீரும் கலந்தால் 65 டிகிரி பக்கம் வரும். துணியைப் போட்டதும் கொஞ்சம் இறங்கும், அது போதும். பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துவைக்க முடியாத பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு நன்றாக உதறுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்து ஆறு பக்கமும் மூடும் உறை கிடைக்கிறது. மைட் ஒவ்வாமை உறுதியான பிள்ளைகளுக்கு இந்த உறையைப் போட்டுப் பார்த்த மான்செஸ்டர் ஆய்வு 2017-இல் வந்தது: ஒரு வருடத்தில் திணறலோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உறை போட்டவர்களில் 29 சதவீதம், மைட்டைத் தடுக்காத சும்மா உறை போட்டவர்களில் 41. எல்லா ஆய்வும் இப்படி வரவில்லை. ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் செய்துவிட்டுப் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மைட் ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருளை நிறுத்துவதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இலேயே அளந்து சொன்னார்கள். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, மிளகாய் வறுக்கும் நெடி, போகிப் புகை எல்லாம் அதே வரிசை. கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பதைவிட ஜெல் வைப்பது மேல். கரப்பானும் ஒவ்வாமை தரும், ஸ்ப்ரேயும் மூச்சைப் பிடிக்கும்.

சாப்பாட்டுப் பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் பிள்ளை இட்லியும் ரசமும் மட்டும் சாப்பிட்டு எடை குறைந்து நிற்கும். உணவு ஒவ்வாமை உள்ளவருக்கு அதைத் தின்ற சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று ஏதாவது தெரியும். வீசிங் மட்டும் தனியாக வருவது அபூர்வம். ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப்பொருளைப் பார்த்து நூறு உணவுக்கு மேல் பட்டியல் போடும் சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குப் போவதாக இருந்தால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்தை ஒரு வாரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, நிறுத்த வேண்டும். இல்லையென்றால் எல்லாமே இல்லை என்று வரும்.

மூக்கும் இதே வீட்டின் வாசல்தான். காலையில் அடுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் அதையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். மூக்கு ஸ்ப்ரேயை வலது கையால் இடது துவாரத்துக்கும், இடது கையால் வலது துவாரத்துக்கும் அடித்தால் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும். நடுத் தண்டை நோக்கி அடித்தால் ரத்தம் கசியும்.

திணறல் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டப்படி செய்யுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் சொல்லிக் கொடுக்கும் முதலுதவி நினைவில் வைக்க எளிது: சால்பியூட்டமால் நாலு பஃப், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, நாலு நிமிடம் காத்திருந்து குறையாவிட்டால் இன்னொரு நாலு பஃப், அதற்கும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை அதையே தொடர வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. பேச்சு ஒவ்வொரு சொல்லாக உடைந்தாலோ, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ நாலு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறிக்கொண்டிருந்தால் அது குணமில்லை; காற்றே போகவில்லை.

பள்ளிப் பையில் தனியாக ஒரு சால்பியூட்டமாலும் ஒரு ஸ்பேசரும் இருக்கட்டும். மேலே பெயர், எத்தனை பஃப், முடியும் தேதி. வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுவிட்டுப் போகாதீர்கள், 50 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கக்கூடும். ஆயா, வகுப்பாசிரியர், பி.டி. சார் மூவருக்கும் ஒரு முறை செய்து காட்டுங்கள். இன்ஹேலரைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டி வைப்போம் என்று பள்ளி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பி.டி. பீரியடில் மூச்சு வாங்கும் பிள்ளைக்குச் சாவி தேட நேரம் இருக்காது.